ஒரு வகுப்பும் ஒரு ரசீதும்: வன்னியில் ஐந்து நாள்

கொழும்பில் ஒரு வங்கியின் இறக்குமதிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். எல்.சி. என்கிற கடன் கடிதங்கள்தான், அதாவது இறக்குமதிக்காரருக்காக நாங்கள் காசு கட்டுவோம் என்று வங்கி எழுதிக் கொடுக்கிற உறுதிதான், நாள் முழுக்க என் மேசையில் கிடக்கும். கிளிநொச்சியில் ரியூட்டரி நடத்துகிற மச்சான், உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு "ஒரு நகரம் எப்படிச் சர்வதேச நிதி மையமாகிறது" என்று ஒரு மணித்தியாலம் வந்து பேசு என்று சித்திரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். பேசிவிட்டு அடுத்த நாளே திரும்பிவிடலாம் என்றுதான் லீவு போட்டேன். ஐந்து நாள் ஆகிவிட்டது. திரும்பி வந்தும் தூக்கம் சரியாக வராததால் எழுதி வைக்கிறேன்.

2025 ஜூலை 31, வியாழன். வவுனியா

புதன் இரவு பஸ்ஸில் என் இருக்கையை இரண்டு பேருக்கு விற்றிருந்தார்கள். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள்தான் கொடியேறியிருந்தது, பஸ்ஸில் காலை வைக்க இடமில்லை. மற்றவர் வயதானவர், கையில் பிரசாதப் பை வேறு, அவரை எழுப்ப மனம் வரவில்லை. நடத்துநர் காசைத் திருப்பித் தருகிறேன், இறங்குங்கள் என்றார். இறங்கினால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை, நின்றேன். புத்தளம் தாண்டியதும் பின்னால் இருந்த ஒரு தாய் நித்திரையான தன் மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "அண்ணை, இதில இருங்கோ, இன்னும் எவ்வளவு தூரம் நிக்கப் போறியள்" என்றார். ஏழு வயதுப் பிள்ளை, நல்ல பாரம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மதவாச்சி தாண்டி பஸ்ஸே நின்றுவிட்டது. குளிரூட்டி முதலிலேயே போயிருந்தது, இப்போது இயந்திரமும். விடிய நாலு மணிக்கு, நுளம்புக்கடியோடு, வீதிக்கரையில் எல்லோரும். பின்னால் வந்த இ.போ.ச. பஸ்ஸில் ஏறி வவுனியாவில் இறங்கி, நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பகல் முழுக்கப் படுத்துவிட்டேன்.

மாலையில் இடியப்பமும் சொதியும், கட்டைச் சம்பலும். எழுபத்தாறு வயதிலும் பெரியம்மா இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிந்துதான் போடுகிறார், பொறித்தட்டு இடியப்பம் அவருக்கு இடியப்பமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து, படலையிலேயே நின்று, ஒரு கடதாசி உறையைக் கொடுத்துவிட்டுப் போனான். கையெழுத்தில்லை, ரசீது இல்லை. சுவிஸில் இருக்கிற மகன் மத்தியானம் அங்கே ஒரு கடையில் காசைக் கட்டியிருக்கிறான், பொழுதுபடுவதற்குள் இங்கே வந்துவிட்டது. உண்டியல்.

வங்கி உத்தியோகத்தனாக நான் இதைச் சரி என்று சொல்ல முடியாது, நாட்டுக்கு வர வேண்டிய டொலர் இப்படித்தான் வெளியிலேயே தங்குகிறது. பெரியம்மாவிடமும் சொன்னேன். "வங்கியில போய் நிண்டா அடையாள அட்டை, படிவம், நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லுவினம். இவன் இருபது வருசத்தில ஒருக்காலும் ஒரு ரூபாவும் குறைக்கேல்லை" என்றார்.

இரவு இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். ஒருவர் கொழும்பில் எழுதிக் கொடுத்த உண்டியலுக்கு ரங்கூனிலோ பினாங்கிலோ மதராசிலோ இன்னொரு செட்டியார் பணம் கொடுப்பார். வெள்ளைக்கார வங்கிகள் இலங்கை வியாபாரிக்கு நேரே கடன் கொடுக்காத காலத்தில் ஊர்க் கடைக்கும் நெல்லுக்கும் தோட்டத்துக்கும் அவர்கள் வழியாகத்தான் பணம் போனது. கோபுரம் எதுவும் கட்டாமலே கொழும்பு அந்த நாளில் ஒரு சின்ன நிதி மையமாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி. முறிகண்டி, பரந்தன்

காலையில் கிளிநொச்சிக்கு ஏறிய பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. நிற்காமல் போன வாகனத்தை நான் கண்டதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, எல்லோரும் கச்சான் வாங்கினோம். மணல் போட்டு வறுத்த சுடுகச்சான், ஒரு சுருள் 100 ரூபா. அதற்கு முதலே மாங்குளம் பக்கம் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்றார்கள், காலம் முடிகிறது, கடைசிப் பழங்கள், வாயில் பால் ஒட்டுகிறது. அதையும் ஒரு பை வாங்கினேன். வெயில் சொல்லி முடியாது. சோளகக் காற்று புழுதியை அள்ளி யன்னலால் எறிந்துகொண்டே வந்தது.

மச்சான் வீட்டில் சோறு தின்றுவிட்டு, அவனுடைய மோட்டார் சைக்கிளில் பரந்தன் பக்கம் போனோம். சிறுபோக அறுவடை. வீதியின் ஒரு பாதி முழுக்க நெல். படங்கு விரித்தவர்கள் கொஞ்சம், மிச்சம் எல்லாம் தார் றோட்டில் நேரே கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். லொறிகள் மற்றப் பாதியால் மெதுவாகப் போகின்றன, யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. அந்த மரியாதையைக் கொழும்பில் காண முடியாது.

ஒரு ஐயா காய்ந்த நெல்லைக் கையில் அள்ளிக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தோம். நாட்டு நெல் கிலோ 120 ரூபா என்று மாசியில் அரசாங்கம் அறிவித்தது, அதற்கு ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். "எனக்கு 120 ஐக் கண்ணால கண்ட மாதிரித்தான் தம்பி. விதைக்கேக்க பசளைக்கும் எண்ணெய்க்கும் மில்காரரிட்டக் கடன். வெட்டின உடன ஈரத்தோட அவருக்குத்தான் போடோணும், அவர் சொல்லுறதுதான் விலை." றோட்டில் காய்கிறது எது என்று கேட்டேன். சாப்பாட்டுக்கும் அடுத்த விதைக்கும் வைத்திருப்பது.

எனக்கு அந்த இடத்திலேயே சிக்காகோ நினைவு வந்தது. ஐயாவுக்கும் சொன்னேன், மச்சான் ஒரு மாதிரிப் பார்த்தான், ஆனால் ஐயா படங்கின் ஓரத்தில் குந்திவிட்டார். சிக்காகோவைச் சுற்றியிருந்த கமக்காரருக்கும் இதே சிக்கல்தான். எல்லோரும் ஒரே காலத்தில் சோளமும் கோதுமையும் கொண்டுவந்து கொட்டினால் விலை விழும், மாரியில் பாதை உறைந்துவிட்டால் கொண்டுவரவே முடியாது. 1848இல் அங்கே வியாபாரிகள் ஒரு வர்த்தக சபையைத் தொடங்கினார்கள், அதே வருடம் ஏரியை ஆற்றோடு இணைக்கிற கால்வாயும் திறந்தது. ஆனால் ஊரை மாற்றியது தானியக் களஞ்சியத்தின் ரசீது என்றுதான் நான் நினைக்கிறேன். தானியத்தைத் தரம் பிரித்து, ஒரே தரத்தை ஒன்றாகக் கொட்டி, இவ்வளவு தானியம் இந்தத் தரத்தில் இருக்கிறது என்று ஒரு துண்டு கொடுத்தார்கள். கமக்காரன் அந்தத் துண்டை வங்கியில் வைத்துக் கடன் எடுக்கலாம், விற்கலாம். வாங்கியவன் மூட்டையைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. பிறகு, மூன்று மாதம் கழித்துத் தருகிற தானியத்துக்கு இன்றைக்கே விலை பேசுகிற ஒப்பந்தங்கள் வந்தன. 1865இல் அவை ஒரே அச்சில் நிலைபெற்றுவிட்டன. இன்றைக்கு உலகத்தில் கோதுமைக்கு என்ன விலை என்பதில் சிக்காகோவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஐயா கேட்டது ஒன்றுதான். "களஞ்சியக்காரன் பொய்த் துண்டு எழுதினால்?"

அதுதான் நடந்தது என்றேன். இல்லாத தானியத்துக்கெல்லாம் ரசீது எழுதினார்கள், அதனால்தான் 1870களில் அரசே களஞ்சியங்களுக்குள் பரிசோதகரை விட்டது. "அப்ப முதல்ல வேண்டியது பரிசோதகர்" என்று எழும்பி நெல்லைக் கிளறப் போய்விட்டார். என் பிரிவில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு வருடம் எடுக்கும்.

ஆகஸ்ட் 2, சனி. கிளிநொச்சி

ஓலைக் கொட்டில், தகரக் கூரையோடு சேர்த்து நீட்டியது, வாங்குகளில் அறுபத்துச் சொச்சம் பிள்ளைகள். பத்து மணிக்கே கொதிக்கிறது. படங்கள் காட்டலாம் என்று கணினியில் எல்லாம் செய்து கொண்டுபோயிருந்தேன், பேச எழும்பியதும் மின்சாரம் போய்விட்டது. வெண்கட்டியால் கரும்பலகையில் உலக உருண்டையை வரைந்தேன். அதுவே நல்லதாகிவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து தொடங்கினேன். 1965இல் தனி நாடாகிறது. 1968இல் பிரித்தானியா தன் படைகளைத் திருப்பி எடுக்கப் போவதாக அறிவிக்கிறது, தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போகப் போகிறது. அவர்களுக்கு ஆலோசகராக இருந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ், லண்டனில் பாங்க் ஒஃப் அமெரிக்காவில் இருந்த நண்பரிடம் யோசனை கேட்கிறார். நண்பர் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டுகிறார். சூரிச்சில் காலை வங்கி திறக்கிறது, பிறகு லண்டன், லண்டன் மூடுவதற்குள் நியூயோர்க், பிறகு சான் பிரான்சிஸ்கோ. சான் பிரான்சிஸ்கோ மூடினால் அடுத்த நாள் சூரிச் திறக்கும்வரை உலகத்தில் பணம் தூங்குகிறது. அந்த இடைவெளிக்குள் சிங்கப்பூர் இருக்கிறது. அதே 1968இல் வெளிநாட்டவர் அங்கே வைக்கிற டொலருக்குக் கிடைக்கும் வட்டியின் மீது வரி இல்லை என்றார்கள். ஆசிய டொலர் சந்தை தொடங்கியது. 1971இல் நாணய அதிகாரசபை. 1978இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு முற்றாகப் போனது.

முன் வாங்கில் இருந்த ஒரு பொடியன் கையை உயர்த்தினான். "சேர், எங்கட நேரமும் அந்த இடைவெளிக்குள்ளதானே வருது?"

இருபது வருடம் இந்தக் கதையைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன், யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். ஓம், எங்கள் நேரமும் அதற்குள்தான். துறைமுகம் இருந்தது, ஆங்கிலச் சட்டம் இருந்தது, 1896இலேயே கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் இருந்தது. ஆனால் 1953இலிருந்து செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்து, 1979இல் வெளிநாட்டு நாணயத்துக்கென்று வங்கிகளுக்குள் தனி அலகுகளை அனுமதித்தார்கள், சிங்கப்பூரின் அதே வழி, பதினொரு வருடம் பிந்தி. அப்புறம் 1983 ஆடி. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நினைவுநாட்கள் போன வாரம்தான் முடிந்திருந்தன. தன் ஊர்க்காரனின் கடையையே காப்பாற்றாத நகரத்தில் எந்த வெளிநாட்டுக்காரன் பணத்தை வைப்பான்? பொடியன் தலையை ஆட்டிவிட்டுக் கொப்பியில் எழுதினான்.

லண்டனைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் உசாரானார்கள், பாதிப் பேருக்கு மாமாவோ சித்தியோ அங்கே. எட்வர்ட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் கப்பல்காரர் கூடி, கப்பல் கரைசேராவிட்டால் யார் எவ்வளவு பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்த கதை. பிறகு 1950களில், அமெரிக்கா தங்கள் டொலரை முடக்கிவிடும் என்று பயந்த சோவியத் வங்கிகள்கூட லண்டனில் கொண்டுபோய் டொலரை வைத்தன. அமெரிக்காவில் வட்டிக்கு உச்சவரம்பு, லண்டனில் டொலருக்கு அந்த வரம்பு இல்லை. பவுண் விழுந்துகொண்டிருந்த காலத்தில் இன்னொரு நாட்டுக் காசை வைத்தே அந்த நகரம் எழும்பியது. கனரி வார்ஃப் கோபுரங்கள் நிற்கிற இடத்தில் முன்பு கப்பல் துறை, கனரித் தீவுகளிலிருந்து பழம் இறக்கிய இடம். 1980இல் அந்தத் துறைகள் மூடின. கோபுரங்கள் அதற்குப் பிறகுதான், சந்தைக்கு முந்நூறு வருடம் பின்னால்.

இதைச் சொன்னதே கொழும்புத் துறைமுக நகரத்துக்காகத்தான். 2014இல் தொடங்கிக் கடலில் மண் போட்டு எழுப்பிய 269 ஹெக்டேர், 2021இல் அதற்கென்று ஒரு தனிச் சட்டம். நிலம் தயார். துபாயும் வெறும் நிலத்திலிருந்துதான் தொடங்கியது, ஆனால் 2004இல் நிதி மையத்தை அமைத்தபோது அதற்கென்று ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இயங்கும் தனி நீதிமன்றத்தையும் கொடுத்தது. வழக்குக்குப் போனால் எத்தனை மாதத்தில் தீர்ப்பு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் பணக்காரன் பணத்தை அனுப்புகிறான்.

அப்போதுதான் பின்னால் இருந்த பிள்ளை எழும்பியது. குரல் சின்னது, இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"சேர், சிங்கப்பூரில வங்கி மூடினா ஆர் காசு தருவினம்?"

அங்கே வைப்புக் காப்புறுதி இருக்கிறது, ஒருவருக்கு ஒரு வங்கியில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டொலர் வரை என்றேன். இங்கேயும் இருக்கிறது, 11 லட்சம் ரூபா வரை. 1884இல் கோப்பி அழிந்து, இலங்கையில் பெரிதாக இருந்த ஓரியன்டல் வங்கி மூடியபோது, அதன் நோட்டைக் கையில் வைத்திருந்த சனம் பதறியது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார் என்பதையும் சொன்னேன். வங்கி போனது, நோட்டு செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

"நகை வைச்சிருந்தா?"

அடகு நகை வைப்பில் சேராது, அதற்கு அந்தக் காப்புறுதி இல்லை என்று தொடங்கினேன். மச்சான் என் கையைப் பிடித்தான். வகுப்பு முடிந்த பிறகுதான் சொன்னான், பிள்ளையின் அம்மம்மா போர்க் காலத்தில் வன்னியில் புலிகள் நடத்திய வங்கியான வைப்பகத்தில் நகையை அடகு வைத்தவ, ரசீது இன்னும் இருக்கிறது. பிள்ளை வாசலில் நின்றது. "சேர், நாளைக்கு வந்து அம்மம்மாவிட்டயும் இதைச் சொல்லுவீங்களோ?"

ஞாயிறு காலைப் புகையிரதத்துக்குப் பதிவு செய்திருந்தேன். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு

பரந்தன் சந்தியால் திரும்பி, தருமபுரம், விசுவமடு. விசுவமடுவில் பின் சில்லு காற்றுப் போய்விட்டது. ஒட்டுப் போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டி வீட்டில் இருந்தார், கூப்பிட்டதும் சறத்தோடு வந்து ரியூப்பைக் கழற்றி, தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, இரண்டு ஓட்டை என்று காட்டி ஒட்டினார். 400 ரூபா. அவருடைய மனைவி கேட்காமலே பனங்கட்டியும் பிளேன்ரீயும் கொண்டுவந்தார். அதற்குக் காசு நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. நீட்டியிருக்கக் கூடாது.

அம்மம்மாவுக்கு எழுபது இருக்கும். நாங்கள் போனபோது நண்டுக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, நந்திக்கடல் நண்டு, முருங்கை இலை கடைசியில் போட்டு இறக்கினார். வாழ்க்கையில் அப்படி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்வரை நகைப் பேச்சை அவர் எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. "முதல்ல வயிறு, பிறகு கதை."

பிறகு, அரிசிப் பானைக்குள் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். பைக்குள் இன்னொரு பை. அதற்குள் மடித்த இடத்தில் பிளந்துபோன ஒரு ரசீது. 2007இல் மூத்தவளின் படிப்புக்கு மூன்று பவுண் சங்கிலியை வைத்திருக்கிறார். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது பானை சட்டி, உடுப்பு, ஆடு எல்லாவற்றையும் ஒவ்வொரு இடத்தில் விட்டவர், இதை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். முகாமிலும் இருந்தது. போரின் முடிவில் எடுக்கப்பட்ட நகைகள் இந்த வருடம் மே மாதம் பொலிஸிடம் கையளிக்கப்பட்ட செய்தியைப் பேத்தி தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து ரசீதை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறாராம்.

"இதில நம்பர் கிடக்கு, பேர் கிடக்கு, நிறை கிடக்கு. எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கு தம்பி?"

வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது வருடம் கடதாசி பார்க்கிறவன். இலக்கம், பெயர், நிறை, மதிப்பு, வட்டி, திகதி, கையெழுத்து. ஒரு குறை சொல்ல முடியாது. நான் பார்க்கிற கடிதங்களில் பாதி இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை.

2022 சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, எங்கள் பிரிவில் நாங்கள் எழுதிய கடிதங்களை வெளிநாட்டு வங்கிகள் ஏற்க மறுத்தன. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. மருந்துக்கும் பால்மாவுக்கும் எழுதியவை. ஒவ்வொரு நாளும் இறக்குமதிக்காரர் வந்து மேசைக்கு முன்னால் நின்று, "கடிதம் சரியாத்தானே எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். அதே கேள்வி. அம்மம்மாவிடம் அதைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கும் தெரியும்" என்றார்.

பின்னேரம் வட்டுவாகல் பாலத்தால் முல்லைத்தீவுக்குப் போனோம். ஒடுங்கிய பழைய பாலம், ஒரு வாகனம் வந்தால் மற்றது நின்று காத்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்குகள். மச்சான் ஒன்றும் பேசாமல் ஓட்டினான், நானும் பேசவில்லை. கடற்கரையில் கருவாடு காய்ந்தது. திரும்பி வரும்போது இருட்டு, மாடுகள் வீதியில் படுத்திருந்தன.

ஆகஸ்ட் 4, திங்கள். புகையிரதம்

கிளிநொச்சியில் ஏறியதிலிருந்து யன்னலோரம் இருந்தேன். மாங்குளத்தில் ஒருவர் தோடம்பழம் உரித்துப் பாதியை என் கையில் வைத்தார். பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை மூன்று இடத்திலும் கைத்தொழில் வலயம் வருகிறதாம், தன் மகன் அதற்காகத்தான் கட்டாரிலிருந்து திரும்பப் போகிறானாம், "வருமோ சேர்?" என்று கேட்டார். வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, அதைச் சொன்னேன்.

புறப்படும்போது அம்மம்மா ரசீதை என் தொலைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மடிப்பில் எழுத்து மறைந்த இடத்துக்குக் கிட்டப் பிடித்து இன்னொன்று. "கொழும்பில ஆரும் பொறுப்பான ஆளிட்டக் காட்டுங்கோ" என்றார். கொழும்புக்குத் திரும்பி, இன்று காலை வேலைக்குப் போய் அவற்றை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். நிதியமைச்சு, மத்திய வங்கி, பொலிஸ் தலைமையகம் என்று மூன்று கடித உறை எழுதிவிட்டேன், உள்ளே வைக்கிற கடிதத்தின் முதல் வரியைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.